உட்வர்ட் ரோட்டில் ஒரு ஓட்டைப் பல் ராஜா!

ஒரு கார் எதிர்ல வந்து நிக்குது. முதல்ல எதைப் பார்ப்பீங்க? ஹெட்லைட் கண்ணு மாதிரி, பம்பர் உதடு மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல கம்பி கம்பியா, கட்டம் கட்டமா ஒண்ணு இருக்கே, அதுதான் பல்வரிசை. கிரில்!

வேலைன்னு பார்த்தா கிரில்லுக்கு ரொம்பச் சின்ன வேலைதான். ரேடியேட்டருக்குக் காத்து போக வழி விடணும், ரோட்டுக் கல்லு உள்ளே போய் அடிக்காமப் பார்த்துக்கணும். அவ்வளவுதான். ஆனா கம்பெனியோட கௌரவமே அதுலதான் இருக்கு. பேட்ஜைக் கழட்டிட்டாலும் கிரில்லை வெச்சே இது எந்த வண்டி, எந்த வருஷத்து மாடல்னு சொல்லிடுற ஆளுங்க ஒரு ஊர் முழுக்க இருக்காங்க. அந்த ஊர் டெட்ராய்ட். அந்த ஆளுங்க எல்லாரையும் ஒரே நாள்ல பார்க்கணும்னா ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவுக்குப் போகணும்.

நான் மேல்படிப்புக்காக டெட்ராய்ட்டுக்குப் போய், உட்வர்ட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி, பெர்க்லின்னு ஒரு சின்ன ஊர்ல குடியிருந்தேன். அங்கே ஒரு காருக்குப் பல்லு கட்டின கதைதான் இது. கூடவே அந்த ரோட்டோட கதையும்.

27 மைல் சரித்திரம்

உட்வர்ட் அவென்யூ டெட்ராய்ட் ஆத்தங்கரையில ஆரம்பிச்சு வடமேற்கா நேரா ஓடி, 27 மைல் தள்ளி பொன்டியாக் நகரத்துல முடியுது. அரசாங்கக் கணக்குல இதுக்குப் பேர் எம்-1. பேருக்கேத்த மாதிரி நிறைய 'முதல்' இந்த ரோட்டுல உண்டு. 1909-ல் இதே ரோட்டுல ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் போட்டாங்க. கான்கிரீட் நெடுஞ்சாலைக்கு அமெரிக்காவுல அதுதான் பிள்ளையார் சுழி.

டவுன்டவுன்ல இருந்து கிளம்பினா முதல் 3.3 மைலுக்கு 'க்யூலைன்' டிராம் ஓடுது. 2017-ல் வந்தது. அதுல ஏறி மிட்டவுன்ல இறங்கினா டெட்ராய்ட் கலைக்கூடம். உள்ளே ஒரு பெரிய கூடத்தோட நாலு சுவரிலும் மெக்ஸிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932, 33-ல் வரைஞ்ச சுவரோவியம். மொத்தம் 27 பகுதி. கடவுளும் இல்லை, ராஜாவும் இல்லை. இன்ஜின் பிளாக்கைத் தூக்குறவன், பம்பரை அமுக்குறவன், ஷிஃப்ட் முடிஞ்சு சாப்பாட்டு டப்பாவோட போறவன்! தொழிலாளியைச் சாமி மாதிரி சுவர் நிறைய வரைஞ்சு வெச்சிருக்காரு மனுஷன். 2013-ல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானப்போ, கடனை அடைக்க இந்தக் கலைக்கூடத்துப் பொக்கிஷங்களை வித்துடலாமான்னுகூடப் பேச்சு வந்துச்சு. அறக்கட்டளைகளும் மாநில அரசும் நன்கொடையாளர்களும் பணம் போட்டு, ஓய்வூதியக்காரங்களையும் ஓரளவு காப்பாத்தி, கலைக்கூடத்தையும் காப்பாத்தினாங்க. 'பழசை வித்துடலாமா, வெச்சுக்கலாமா?' இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்குங்க. பின்னாடி வேற ரூபத்துல வரும்.

இன்னும் மேலே போனா ஹைலேண்ட் பார்க். ரோட்டோரமா பழைய ஃபோர்டு ஃபேக்டரி. 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் இங்கேதான் சூடு பிடிச்சுது. ஒரு சேஸிஸ் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, 93 நிமிஷமாச்சு. 1914-ல் நாளைக்கு 5 டாலர் சம்பளம்னு அறிவிச்சதும் வேலை கேட்டு வந்த கூட்டம் வாசல்ல முட்டி மோதுச்சு. இப்போ அந்தப் பக்கம் போறப்போ ஒரு மாதிரி அமைதியா இருக்கும். 1950-ல் டெட்ராய்ட் ஜனத்தொகை 18 லட்சத்துக்கு மேல. 2020-ல் சுமார் 6 லட்சத்து 39 ஆயிரம். மூணுல ரெண்டு பேர் இல்லை! கண்ணை மூடிக்கிட்டுப் போனாலும் மனசுக்குத் தெரியும்.

எட்டாவது மைல் ரோட்டைத் தாண்டினா காட்சி மாறும். ஃபெர்ண்டேல், ராயல் ஓக், பெர்க்லி, பர்மிங்ஹாம்னு வரிசையா குட்டிக் குட்டி ஊர்கள். ரோடு அகலமாகி நடுவுல புல்தரை வந்துடும். இதுதான் 60-கள்ல ராத்திரி நேரத்துப் பந்தயக் களம்! ஒரு சிக்னல்ல ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும். டிரைவர்கள் ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால பார்ப்பாங்க. பச்சை விழுந்ததும் அடுத்த சிக்னல் வரைக்கும் விர்ர்ர்! இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, சில நேரம் அந்த வண்டியில உட்கார்ந்திருந்தவங்க கார் கம்பெனி இன்ஜினீயர்கள். இன்னும் ஷோரூமுக்கே வராத இன்ஜினை ராத்திரி இங்கே ஓட்டி டெஸ்ட் பண்ணுவாங்களாம்.

ரூலை ஏமாத்தின கார்

மஸில் கார்னா என்ன? நடுத்தர சைஸ் உடம்பு, அதுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய வி-8 இன்ஜின், காலேஜ் பையன் கடன் வாங்கியாவது வாங்கிடுற விலை. இந்த ஃபார்முலாவைப் பிரபலமாக்கினது 1964-ல் வந்த பொன்டியாக் ஜிடிஓ.

அது பிறந்த கதையே ஒரு குறும்பு. நடுத்தர சைஸ் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல இன்ஜின் போடக்கூடாதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு ரூல். பொன்டியாக் பிரிவின் சீஃப் இன்ஜினீயர் ஜான் டெலோரியனும் அவர் கூட்டாளிகளும் ரூலை உத்துப் படிச்சாங்க. வண்டியோட சேர்ந்து வர்ற இன்ஜினுக்குத்தானே ரூல்? தனியா காசு கொடுத்துக் கேக்குற ஆப்ஷனுக்கு இல்லையே! டெம்பெஸ்ட் காருக்கு 389 கன அங்குல இன்ஜினை 'ஆப்ஷன்'னு சேர்த்துட்டாங்க. 5,000 வண்டி போனாப் போதும்னு நினைச்சாங்க. முதல் வருஷமே 32,450 போச்சு. 1966-ல் 96,946. ஜிடிஓ சரித்திரத்துலயே அதுதான் உச்சம்.

அந்த 1966 மாடல்தான் நம்ம கதாநாயகன். முகத்தைச் சொல்றேன், கற்பனை பண்ணிக்குங்க. மூக்கு நடுவுல கூரா முன்னாடி வந்திருக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணா ஹெட்லைட். நடுவுல ரெண்டாப் பிரிஞ்ச கிரில், குழிக்குள்ள போன மாதிரி கருப்பா, கட்டம் கட்டமா. ஒவ்வொரு பக்கமும் ஒரு செவ்வக லைட். டிரைவர் பக்கத்துக் கிரில்ல மட்டும் 'ஜிடிஓ'ன்னு எழுத்து. அதுக்கு முன்னாடி கிரில்னா உலோகம்தான். இதுல துணிஞ்சு பிளாஸ்டிக் போட்டாங்க. எடை குறைவு, நுணுக்கமான கட்டத்தையும் அச்சுல வார்த்துடலாம். ஒரே ஒரு பிரச்னைதான். உலோகம் நெளியும், பிளாஸ்டிக் உடையும்!

ஷெட்டுக்குள் ஒரு பெரியவர்

எங்க வீட்டு ஓனருக்கு 77 வயசு. அங்கே பெரியவங்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு வாய் வரலை. 'சார்'னுதான் கூப்பிடுவேன். "என்னை சார்னு கூப்பிட்ட ஒரே ஆளு ஸ்பீடுக்காக என்னைப் பிடிச்ச போலீஸ்காரன்தான்"னு சிரிப்பார். பொன்டியாக் நகரத்து ஃபேக்டரியில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். 1970-ல் செகண்ட் ஹேண்டா வாங்கின 66 மாடல் ஜிடிஓ அவர் ஷெட்ல நிக்குது. இன்ஜின் ஓடுது, பாடி பெயின்ட் பரவாயில்லை. ஆனா முகம் மட்டும் பாவம். கிரில்ல மூணு பல்லு இல்லை, ஒரு நீள விரிசல். ஜன்னல் ஓரப் பட்டையெல்லாம் நசுங்கி, எழுத்தெல்லாம் பொரிஞ்சு போய் இருந்துச்சு.

2023 வசந்தத்துல அவர் பேத்தி லீவுக்கு வந்தப்போதான் விஷயம் தெரிஞ்சுது. பெரியவருக்குக் கண்ணுல மாக்குலா தேய்மானம். பார்வையோட நடுப்பகுதி மங்கிக்கிட்டே வரும், ஓரம் மட்டும் மிஞ்சும். ஒருத்தர் முகத்தை நேராப் பார்த்தா முகம் தெரியாது, காது தெரியும். டிரைவிங்கை அந்தக் குளிர்காலத்தோட அவரே விட்டுட்டார். "ஆகஸ்ட்டுக்குள்ள இதோட முகத்தை ஒழுங்கு பண்ணிடணும். அடுத்த ஆகஸ்ட்ல எனக்கு எவ்வளவு தெரியும்னு டாக்டருக்கே தெரியலை"ன்னார். பேத்தி ஓட்டுறதா முடிவு. நான் கண்ணு, அவர் கை. கூட்டணி ரெடி!

கழட்டுறதுக்கு முன்னாடி முதல் பாடம்: ஃபோட்டோ. ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கே இருந்துச்சுன்னு கிட்டே வெச்சு ஒண்ணு, தள்ளி நின்னு ஒண்ணு. அப்புறம் ஒவ்வொரு பாகத்தோட ஸ்க்ரூவையும் தனித்தனிக் கவர்ல போட்டு மேல பேர் எழுதணும். துருப்பிடிச்ச நட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்கணும். பலத்தைக் காட்டினா நட்டு வராது, போல்ட்டு ஒடிஞ்சு வரும். பெரியவர் கண்ணை மூடிக்கிட்டே ஸ்பேனரைப் பிடிப்பார். "பாதித் திருகு வந்ததும் நில்லு. திருப்பி உள்ளே விடு. மறுபடி வெளியே. அவசரமே இல்லை. அது 57 வருஷமா அங்கேதான் இருக்கு."

எது என்ன உலோகம்?

வெளிய பார்த்தா எல்லாமே பளபள வெள்ளி. உள்ளே நாலு ஜாதி. இது தெரியாம ஒரே பாலிஷைப் போட்டுத் தேய்ச்சா இருக்குறதும் போயிடும்.

செந்துரு பிடிச்சுக் காந்தமும் ஒட்டினா அது குரோம் முலாம் பூசின இரும்பு. பம்பர் இந்த ரகம். சின்னத் துருப் புள்ளியா இருந்தா வீட்டுல சாப்பாடு மூடுற அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில நனைச்சு மெதுவாத் தேய்ச்சாலே போதும். குரோமைவிட அலுமினியம் மென்மை. அதனால கீறல் விழாது, துரு மட்டும் வரும்.

கையில கனம், காந்தம் ஒட்டாது, மேலே அம்மை போட்ட மாதிரி கொப்புளம்னா அது துத்தநாகக் கலவை வார்ப்பு. எழுத்துகள், சின்னங்கள் எல்லாம் இதுதான். குரோமுக்கு அடியில துத்தநாகம் அரிச்சு உப்பிக்கிட்டு வரும். இதைச் சரி பண்றதுதான் ரொம்பக் கஷ்டம்.

லேசா இருந்து, வெள்ளைப் பூஞ்சை மாதிரி மங்கினா அலுமினியம். மேலே அனோடைஸ்னு ஒரு கடினமான ஆக்ஸைடு தோல் இருக்கும். அதை காஸ்டிக் சோடா கலந்த கரைசல்ல எடுத்தாத்தான் உள்ளே பாலிஷ் ஏறும். கிளவுஸ், கண்ணாடி இல்லாமத் தொடவே கூடாது. பாலிஷ் முடிஞ்சதும் மறுபடி அனோடைஸ் பண்ணணும், இல்லைன்னா கிளியர் கோட் அடிக்கணும். சும்மா விட்டா சீக்கிரமே மங்கிடும்.

நாலாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கண்ணாடியைச் சுத்தி வர்ற ஓரப் பட்டை. காந்தம் ஒட்டலைன்னாத்தான் ஸ்டெயின்லெஸ்னு நினைக்காதீங்க. கார் பட்டைக்குப் போடுற சில ரகத்துல காந்தம் ஜம்முனு ஒட்டும்! இதுல ஒரு சந்தோஷம் என்னன்னா, முலாம் கிடையாது. மேலேயிருந்து கீழ வரைக்கும் அதே உலோகம். அதனால எத்தனை நசுங்கல் இருந்தாலும் தட்டி எடுத்துடலாம்.

விரல்தான் கண்

பெரியவரோட ராஜ்ஜியம் இந்த நாலாவதுலதான். பட்டையைக் கவுத்து ஒரு வழுவழு இரும்புத் துண்டு மேல வெச்சு, சின்னச் சுத்தியலால உள்பக்கமா 'டொக் டொக்'. எறும்பு நடக்குற மாதிரி அடி. அடிச்சுட்டு வெளிப்பக்கம் விரலால ஒரு தடவு. "இங்கே ஒரு மேடு. தெரியுதா?" எனக்கு ஒண்ணும் தெரியாது. மெல்லிய அரத்தால ஒரு இழு இழுத்தா, அவர் சொன்ன இடத்துல மட்டும் கோடு விழும். அரம் பட்ட இடம் மேடு, படாத இடம் பள்ளம். கண்ணு பளபளப்புல ஏமாந்துடும், விரல் ஏமாறாது. டிங்கரிங் பண்றவங்க எல்லா ஊர்லயும் தொட்டுத்தான் பார்க்குறாங்க. பெரியவர் மட்டும் கூடுதலாத் தொடுறார், அவ்வளவுதான்.

மேடு பள்ளம் போனதும் உப்புத்தாள். 320, 400, 600, 1000-னு நம்பர் ஏற ஏற மென்மையாகும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்தித் தேய்க்கணும். முந்தின தாளோட கீறல் மொத்தமாப் போச்சான்னு அப்பத்தான் தெரியும். ஒரு நம்பரைத் தாண்டிக் குதிச்சா, கடைசி பாலிஷ்ல அந்தக் கீறல் சிரிச்சுக்கிட்டு நிக்கும்.

அப்புறம் பஃபிங் மெஷின். இது கொஞ்சம் முரட்டு ஆசாமி. 8 அங்குலச் சக்கரம் நிமிஷத்துக்கு 3,450 சுத்து. கணக்குப் போட்டுப் பாருங்க, விளிம்போட வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர்! பட்டையோட நுனியைச் சக்கரம் கவ்விட்டா கையில இருந்து பிடுங்கி எறியும். அதனால எப்பவும் சக்கரத்தோட கீழ்ப்பாதியில, நுனியைத் தாண்டி வெளிய போற திசையிலதான் பிடிக்கணும். முழுக்கைச் சட்டை, தளர்ந்த கிளவுஸ், கழுத்துச் செயின் எதுவும் கூடாது. முதல்ல கரடுமுரடான சணல் சக்கரம், அப்புறம் பஞ்சுத் துணிச் சக்கரம், தனித்தனிப் பாலிஷ் கட்டி. கடைசியில துணியால துடைச்சதும் பட்டையில என் மூஞ்சி தெரிஞ்சுது. "எப்படி இருக்கு?"ன்னார். "கண்ணாடி மாதிரி இருக்கு சார்"னேன். தலையைச் சாய்ச்சு ஓரக்கண்ணால பார்த்துட்டு, "ஆமா, வெளிச்சம் ஓடுது"ன்னு சொன்னார்.

முலாம் பூசும் கடைக்குப் பயணம்

எழுத்துகளுக்கு வெளிய போகத்தான் வேணும். நம்ம ஊர்ல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதைப் பார்த்திருப்பீங்க. ஒரே பூச்சு, வேலை முடிஞ்சுது. குரோம் அப்படி இல்லை, மூணு அடுக்கு. முதல்ல செம்பு, அடுத்து நிக்கல், மேலே குரோமியம். பழைய முலாமை உரிச்சு, அரிச்ச குழி ஒவ்வொண்ணையும் சுரண்டிச் சுத்தம் பண்ணி, செம்பு பூசி, ஈயப் பற்று வெச்சு நிரப்பி, தேய்ச்சு, மறுபடி செம்பு. குழி மறையுற வரைக்கும் இதே சுத்து. நிஜமான பளபளப்பு தர்றது நிக்கல்தான். குரோமியம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியில நூத்துல ஒரு பங்கு! ஆனா அந்த நீலச் சாயலும் கீறல் விழாத தோலும் அதனாலதான்.

இவ்வளவு அழகுக்குப் பின்னாடி ஒரு விஷமும் இருக்கு. பழைய முறையில பயன்படுத்துற ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். ஆவி மூச்சுல போனா ஆபத்து, கழிவு மண்ணுல போனாலும் ஆபத்து. அதனால சட்டம் கடுமை, வடிகட்டி, கழிவு சுத்திகரிப்புன்னு செலவு அதிகம். சின்னச் சின்ன முலாம் கடைகள் பல மூடிட்டுப் போயிடுச்சு. மிஞ்சின கடைகள்ல கூட்டம். நாங்க போன கடைக்காரர், "மூணு எழுத்துக்கு ஆறு வாரம்"னார். எழுத்துக்கு ரெண்டு வாரம்!

புதுசா, பழசா?

கடைசியா வந்தது கிரில். இங்கேதான் தகராறு.

ஜிடிஓவுக்கு இது ஒரு வசதி. கம்பெனி இல்லைன்னாலும் பாகங்கள் உண்டு. 2009 ஏப்ரல்ல பொன்டியாக் பிராண்டை மூடுறதா ஜெனரல் மோட்டார்ஸ் அறிவிச்சு, 2010-ல் கதை முடிஞ்சுது. ஆனா ரசிகர்கள் விடலை. பழைய அச்சை அப்படியே நகல் எடுத்து புது கிரில் செஞ்சு விக்குறாங்க. பழைய மாதிரிக் கருப்பு, பழைய மாதிரிக் கட்டம்.

பேத்தி போன்ல ஆர்டர் போடப் போயிட்டா. "தாத்தா, ரெண்டு நாள்ல வீட்டு வாசல்ல இருக்கும். இந்த உடைஞ்சதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?"

பெரியவர் கொஞ்ச நேரம் பேசலை. விரல் மட்டும் அந்த நீள விரிசல் மேல போய்ட்டு வந்துச்சு.

"இது உங்க அப்பன் போட்டது. ஒன்பது வயசுல, பேஸ்பால்ல. அடிச்சுட்டு ஓடிப் போய் அடுத்த வீட்டு மரத்து மேல ஏறிக்கிட்டான்."

பேத்தியோட அப்பாவும் அதே பொன்டியாக் நகரத்துலதான் வேலை பார்த்தார், டிரக் ஃபேக்டரியில. 2009-ல் அதை மூடினாங்க. வேலை இருக்குற இடம்னு டெக்ஸாஸ் போனார். அப்படிப் போன குடும்பங்கள் அந்த ரோடு முழுக்க இருக்கு. போனவங்க எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னுதான் போனாங்க. சில வருஷம் வந்தாங்க, சில வருஷம் வரலை. இவங்க வீட்டுல வரலைங்கிறதுதான் அதிகம்.

"அவன் இங்கே இல்லை. விரிசலாவது இருக்கட்டும்"னார் பெரியவர்.

பேத்தி போனைப் பாக்கெட்ல வெச்சுட்டு, "சரி, எப்படி ஒட்டுறது?"ன்னா.

பிளாஸ்டிக் ஒட்டுறதுக்கும் ஒரு வழி இருக்கு. முதல்ல அது எந்த வகைன்னு தெரியணும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துல அசிட்டோன் ஒரு துளி தொட்டுப் பார்க்கணும். பிசுபிசுன்னு இளகினா, அதே ஜாதிப் பிளாஸ்டிக் துண்டை அசிட்டோன்ல கரைச்சு, தேன் பதத்துக்குக் கூழாக்கி, அதையே பசையாப் பயன்படுத்தலாம். காஞ்சதும் ஒட்டு தனியா நிக்காது, ஒண்ணாயிடும். இளகலைன்னா பிளாஸ்டிக்குக்குன்னே வர்ற எபாக்ஸி. எங்களுக்கு இளகுச்சு. ஜன்னல் திறந்து வெச்சு, பக்கத்துல நெருப்பு இல்லாமத்தான் இந்த வேலை செய்யணும்.

விழுந்த மூணு பல்லுக்கு, நல்லா இருக்குற பல்லை அச்செடுத்து வார்த்தோம். விரிசலுக்குப் பின்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய பட்டை வெச்சுப் பூசி பலப்படுத்தினோம். இனி அது வளராது. முன்பக்கம் பூசவே இல்லை. சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ் வெச்சு ஒவ்வொரு கட்டமாக் கழுவி, காய வெச்சு, மெல்லிசா மூணு தடவை கருப்பு அடிச்சோம். ஒரே தடவையில கனமா அடிச்சா மூலையில தேங்கி வழியும். காஞ்சப்புறம் உத்துப் பார்த்தா ஒரு மயிரிழைக் கோடு தெரியும். தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 19, சனிக்கிழமை

உட்வர்ட் டிரீம் குரூஸ் 1995-ல் ஆரம்பிச்சுது. ஃபெர்ண்டேல்ல ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத்தான் முதல்ல யோசிச்சாங்க. அது இப்போ எங்கேயோ போயிடுச்சு. கொரோனா வந்த 2020 தவிர வருஷா வருஷம் நடக்குது. நாப்பதாயிரம் வண்டி, பத்து லட்சம் ஜனம்னு அமைப்பாளர்கள் கணக்கு. டிக்கெட் கிடையாது, பரிசு கிடையாது, ஜெயிக்கிறவங்க கிடையாது. மெதுவா ஊர்ந்து போறதுதான் விழா!

நம்ம ஊர்த் தேர்த் திருவிழா மாதிரிதான். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டியோட குடும்பம் குடும்பமா ரோட்டோரத்துல இடம் பிடிச்சிருப்பாங்க. பெர்க்லியில 1919-ல் ஆரம்பிச்ச வின்செட்டா கராஜ் இருக்கு. ரொம்ப வருஷம் மெக்கானிக் ஷெட், 2012-ல் இருந்து ஹோட்டல். அதுக்கு எதிர்ல நின்னா நாள் முழுக்க பொழுது போகும். மஸ்டாங், சார்ஜர், கேமரோ, நடுவுல யாரோ ஒருத்தர் மாடல்-டி. பெட்ரோல் வாசனை, வறுத்த வெங்காயம், ஏதோ ஒரு ரேடியோ. தாத்தாக்கள் பானட்டைத் திறந்து வெச்சுப் பாடம் எடுப்பாங்க. பேரன்கள் போன்ல படம் எடுப்பாங்க.

பேத்தி ஸ்டியரிங்ல. பெரியவர் பக்கத்துல. நான் பின்னாடி. ஜிடிஓ உறுமிக்கிட்டே நகருது. சிக்னல்ல நின்னப்போ பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "கிரில் ஒரிஜினலா?"ன்னு கத்தினார். பெரியவர் பார்த்த திசை கொஞ்சம் தப்பு, ஆனா பதில் கரெக்ட்: "ஒரிஜினல்! விரிசலும் ஒரிஜினல்!"

மத்தியானம் ஓரமா நிறுத்தினதும் பேத்தி டெக்ஸாஸுக்கு வீடியோ கால் போட்டா. பெரியவர் போனை வாங்கி, தன் முகத்துக்கு நேரா வைக்கலை. குனிஞ்சு, கிரில்லுக்கு முன்னாடி பிடிச்சார். இன்னொரு கை விரல் அந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுது.

"தெரியுதா?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியுதுப்பா. அதை ஏன் சரி பண்ணலை?"ன்னு ஒரு குரல்.

"சரி பண்ணியாச்சு"ன்னார் பெரியவர்.

போறவங்க கவனத்துக்கு...

* டிரீம் குரூஸ் நடக்குறது ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை. அன்னிக்கு உட்வர்ட்ல வேகமாப் போகணும்னு நினைச்சா நடந்துதான் போகணும். முந்தின வாரமே சாயந்திரங்கள்ல வண்டிகள் வர ஆரம்பிச்சுடும். கூட்டம் பிடிக்காதவங்க அப்போ போகலாம்.

* டவுன்டவுன்ல இருந்து பொன்டியாக் பக்கம் பஸ் உண்டு. காலையில கலைக்கூடம், வழியில ஹைலேண்ட் பார்க், சாயந்திரம் ராயல் ஓக்னு பிரிச்சுக்குங்க. ரிவேரா ஓவியத்துக்குக் குறைஞ்சது ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

* யாரோட வண்டியையும் கேக்காமத் தொடாதீங்க. கேட்டா, தொட விடுறதோட அரை மணி நேரக் கதையும் சொல்லுவாங்க.

* பொன்டியாக் நகரத்துல சில்வர்டோம் ஸ்டேடியத்தைத் தேடாதீங்க. 1975-ல் திறந்த அந்தப் பிரமாண்டத்தை 2017 டிசம்பர்ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க. முதல் நாள் வெடிக்கு அது அசையவே இல்லை! மறுநாள் வெச்ச ரெண்டாவது வெடிக்குத்தான் விழுந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையில உட்வர்ட்ல நடந்தேன். காலி ரோடு. நடுப் புல்தரையில நாற்காலிக் கால் பதிஞ்ச குழிகள், தார்ல கருப்பு டயர்க் கோடுகள். துப்புரவு வண்டி ஒண்ணு கோட்டு மேல தேய்ச்சுக்கிட்டே போச்சு. திரும்பிப் பார்த்தேன், கோடு அப்படியேதான் இருந்துச்சு. அந்த ஊர்ல மூடின ஃபேக்டரியை யாராலும் திறக்க முடியலை, போனவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு வரவும் முடியலை. முடிஞ்சதைப் பண்றாங்க. சணல் சக்கரமும் உப்புத்தாளும் வெச்சு, ஒரு முகத்தை மட்டும் பத்திரமா வெச்சுக்குறாங்க.

கிறிஸ்துமஸுக்கு டெக்ஸாஸ் வண்டி ஒண்ணு பெர்க்லிக்கு வந்துச்சு. இறங்கினவர் வீட்டுக்குள்ள போகலை. நேரா ஷெட்டுக்குத்தான் போனார்.